நோத்ர தாமின் நூறு கோடிப் புள்ளிகள்

அந்தப் புள்ளிகள் பிறந்தது 2010இல், பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில். முக்காலி மேல் நின்ற லேசர் ஸ்கேனர் மெல்லச் சுழன்று தூண், வளைவு, சுவர் எல்லாவற்றின் மீதும் ஒளியைச் செலுத்தியது. ஒளி பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும்; அப்படி அளந்த ஒவ்வோர் இடமும் ஒரு புள்ளி. ஒரு நானோ நொடியில் ஒளி 30 செ.மீ. போய்விடுகிறது; சில மில்லிமீட்டருக்கு மேல் பிசகாமல் அளக்க, நொடியை லட்சம் கோடிக் கூறுகளாக்கி எண்ண வேண்டும்.

கருவியைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் கலை வரலாறு கற்பித்த ஆண்ட்ரூ டாலன். தூணுக்குப் பின்னால் இருப்பதை லேசர் பார்க்காது. அதனால் 50க்கும் மேற்பட்ட இடங்களில் முக்காலியை நிறுத்தினார். அதே இடங்களில் எடுத்த புகைப்படங்கள் புள்ளிகளுக்கு நிறம் தந்தன. எல்லாவற்றையும் இணைத்தபோது நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் சேர்ந்திருந்தன.

முதலில் அவை வரலாற்றுக்குத்தான் உழைத்தன. மேற்குக் கோடியில் உள்தூண்கள் நேர்வரிசையில் இல்லை என்று காட்டின. மேல்சுவர்களோ வெளியே சாயவே இல்லை. அப்படியானால் சுவர்களை வெளியிலிருந்து தாங்கும் முட்டு வளைவுகள் பிற்காலச் சேர்க்கை அல்ல, தொடக்கத்திலேயே இருந்தவை என்று டாலன் வாதிட்டார். சுவரைத் தொடாமலே அதன் வயதைக் கேட்டறிந்ததைப் போன்ற வேலை அது.

2018 நவம்பரில் டாலன் மறைந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று தீ, கூரையின் ஓக் மரச்சட்டங்களைத் தின்று கூர்கோபுரத்தைச் சாய்த்தது. அவர் சேர்த்த புள்ளிகள் மறுகட்டுமானக் குழுவிடம் போய்ச் சேர்ந்தன. தீக்குப் பின் எடுத்த ஸ்கேனைப் பழையதன் மேல் பொருத்தினால், எந்தச் சுவர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

ஆனால் புள்ளிகள் மட்டும் போதவில்லை. ரெமி ஃப்ரோமோன், செத்ரிக் த்ரான்ட்சோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் தீக்குச் சில ஆண்டுகள் முன்பே கூரைச் சட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்திருந்தார்கள். தச்சர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது அந்த வரைபடம். எது உத்தரம், எது தாங்குகட்டை, எது எதில் பொருந்துகிறது என்பதை வரைந்தவர்கள் அறிந்திருந்தார்கள். புள்ளிக்குத் தெரிந்ததோ தன் இடமும் நிறமும் மட்டுமே. கல் எது, சாந்து எது என்று அதற்குத் தெரியாது.

லேசர் ஸ்கேனிங்கின் அடுத்த பெரும் முன்னேற்றம் இந்தக் குறையில்தான் தொடங்க வேண்டும் என்பேன். நடந்தபடியே அளக்கும் கையடக்கக் கருவிகளும், ட்ரோனில் ஏறும் ஸ்கேனர்களும் வந்துவிட்டன. வேகமும் அடர்த்தியும் தாமாகவே கூடும். பல அலைநீளங்களில் ஒளி வீசினால் ஈரமும் பாசியும் தனித்துத் தெரியக்கூடும். அதைவிட முக்கியம், புள்ளியோடு அறிவையும் சேர்த்துக் கட்டுவது.

அதற்கான முயற்சியும் நோத்ர தாமிலேயே நடக்கிறது. பிரான்ஸின் தேசிய ஆராய்ச்சி மையத்தில் லிவியோ டி லூக்கா தலைமையிலான குழு, ஸ்கேன், புகைப்படம், ஆய்வாளர் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே முப்பரிமாண வெளியில் இணைத்து வருகிறது. நடுக்கூடத்தில் இடிந்த வளைவு ஒன்றின் கற்கள் இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டன. ஒவ்வொரு கல்லின் வடிவம், உளித் தடம், ஒட்டியிருந்த சாந்து ஆகியவற்றைக் கொண்டு அது வளைவில் எங்கே இருந்தது என்று கணினியில் தேடினார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. அந்தக் கற்களைப் பற்றிய குறிப்புகள் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கின்றன.