பலகாரம்: விரதத்தில் பிறந்து விருந்துக்குப் போன சொல்

அமாவாசையன்று சில வீடுகளில் "ராத்திரிக்கு என்ன?" என்று கேட்டால் "பலகாரம்தான்" என்று பதில் வரும். இரண்டு இட்லி, இல்லாவிட்டால் கொஞ்சம் உப்புமா என்று அதற்குப் பொருள். அன்றைக்குச் சோறு ஒரு வேளைதான். இரவில் வயிறு காயாமல் இருக்க எதையாவது சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். அதே தெருவில் ஐப்பசி மாதம் இன்னொரு வீட்டு வாசலில் நின்று, "என்னக்கா, பலகாரம் சுட்டாச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே முறுக்கும் அதிரசமும் எண்ணெயில் வெந்துகொண்டிருக்கும். ஒன்று வாயைக் கட்டுகிற நாளின் உணவு. மற்றது வாய்க்கு ஓய்வே கொடுக்காத நாளின் உணவு. இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

பல காரங்கள் சேர்ந்ததால் பலகாரம் என்று பிரித்துச் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிரசத்தில் காரம் ஏது? சுழியத்தில் ஏது? சொல் வந்த வழி வேறு. வடமொழியில் பலம் என்றால் கனி, ஆஹாரம் என்றால் உணவு. இரண்டும் சேர்ந்து பலாஹாரம், அதாவது பழ உணவு. தமிழுக்கு வரும்போது ஹகரம் ககரமாவது வழக்கம்: தேஹம் தேகமாயிற்று, மோஹம் மோகமாயிற்று, விவாஹம் விவாகமாயிற்று. ஆஹாரம் ஆகாரம் ஆனதுபோல பலாஹாரமும் பலாகாரமாகி, நடுவிலிருந்த நெடில் குறுகிப் பலகாரமாக நின்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் இந்த வழியைத்தான் காட்டுகிறது. பேச்சில் சொல் இன்னும் தேய்ந்து, பல ஊர்களில் 'பலாரம்' என்றே ஒலிக்கிறது.

சரி, பழ உணவில் பழம் எங்கே போயிற்று? விரத நாளின் கட்டுப்பாட்டில்தான் விடை இருக்கிறது. விலக்க வேண்டியது சோறு. பழமும் பாலும் கொள்ளலாம் என்பது பழைய ஏற்பாடு. ஆனால் பழத்தை மட்டும் தின்று ஒரு பொழுதைக் கழிப்பது எல்லாருக்கும் ஆகிற காரியமில்லை. முதலில் கிழங்கு சேர்ந்தது. பிறகு அவலும் பொரியும் வந்தன. அப்புறம் அரிசியே வந்துவிட்டது, வேறு வேஷத்தில். அரிசி உலையில் வெந்தால் சோறு; அதுவே ஊறி, அரைபட்டு, ஆவியில் வெந்தாலோ கல்லில் வார்க்கப்பட்டாலோ சோற்றுக் கணக்கில் வராது. இப்படி 'பழம்' என்ற பொருள் கழன்று, 'சோறு அல்லாதது' என்ற பொருள் நிலைத்துவிட்டது. பலகாரத்தின் பிந்தைய வரலாறு முழுவதும் இந்த ஒரு திருப்பத்திலிருந்தே கிளம்புகிறது.

தமிழ் மட்டும் இப்படிச் செய்யவில்லை. மராத்தியில் அதே பலாஹாரம் 'பராள்' ஆயிற்று. உபவாச நாளில் உண்பதும் பராள். தீபாவளிக்குச் சக்லி, கரஞ்சி, சிவ்டா என்று செய்து அக்கம்பக்கத்துக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதும் பராள். வங்காளத்தில் 'பலார்' என்பது அவல், தயிர், பழம் சேர்ந்த எளிய உணவு. அதிலும் அவல் தயிரோடு நிற்பது காச்சா பலார், நெய்யில் பொரித்த லூச்சியும் இனிப்பும் சேர்ந்தால் பாக்கா பலார் என்று ஒரு பிரிவு உண்டாயிற்று. மலையாளி பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு நாலுமணிப் பலஹாரம் கொடுக்கிறார். தெலங்கானாவில் போனாலு திருவிழாவின்போது அம்மனுக்கான படையலை ஏற்றிக்கொண்டு ஊர்வலமாகச் செல்லும் வண்டிக்குப் 'பலஹாரம் பண்டி' என்று பெயர். ஒரு விரதச் சொல் இத்தனை மொழிகளில் விரதத்தை விட்டு வெளியே நகர்ந்திருக்கிறது.

தமிழுக்குள் இந்தச் சொல்லின் இரண்டு பருவங்களும் இன்னும் ஒருசேர உயிரோடு இருக்கின்றன. பிராமண வீடுகளில் பலகாரம் என்றால் பெரும்பாலும் விரத இரவின் சிற்றுண்டிதான். தீபாவளிக்கும் கோகுலாஷ்டமிக்கும் செய்வதை அவர்கள் பட்சணம் என்பார்கள்; அது 'தின்பது' என்ற பொருள்கொண்ட பக்ஷணம் என்னும் வடசொல். மற்ற வீடுகளில் பட்சணம் அவ்வளவாகப் புழங்கவில்லை. அங்கே பண்டிகைத் தின்பண்டம்தான் பலகாரம். கம்பும் சோளமும் கேழ்வரகும் அன்றாட உணவாக இருந்த கிராமங்களில் இட்லியும் தோசையும்கூடத் தீபாவளிப் பலகாரமாகவே இருந்தன. அரிசி மலிந்து அவை தினசரி உணவானபோது அந்த இடத்தில் 'டிபன்' வந்து உட்கார்ந்துகொண்டது. ஆங்கிலேயர் இந்தியாவில் புழங்கிய அச்சொல், கொஞ்சமாகக் குடிப்பதைக் குறித்த ஒரு கொச்சை வழக்கிலிருந்து வந்தது என்பார்கள். டிபன் காலைக்கும் மாலைக்கும் போக, பலகாரம் பண்டிகைக்கு மிஞ்சியது.

சொல் வெளியிலிருந்து வந்தாலும் பொருள் இங்கே வெகு காலமாக உண்டு. அப்பம் சுட்டு விற்கும் கூவியரை மதுரைக்காஞ்சியும் பெரும்பாணாற்றுப்படையும் காட்டுகின்றன. புகாரின் மருவூர்ப்பாக்கத்திலும் கூவியர் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மதுரையின் இரவுக் கடைகளில் மோதகம் விற்றது. பண்ணியம், பண்ணிகாரம் என்ற பழஞ்சொற்களும் தின்பண்டத்தைக் குறித்திருக்கின்றன. இன்றைய பணியாரம் அந்த வரிசையில் வருவது. ஆனால் கூவியர் பண்டம் காசுக்குக் கிடைத்த பண்டம். காசு வாங்காமல் பகிர்ந்து கொடுக்கும் வழக்கம் எழுத்தில் விரிவாகத் தெரிவது கோயில் கல்வெட்டுகளில்தான்.

திருமலைக் கல்வெட்டுகளைப் புரட்டினால் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி, இட்டலிப்படி என்று நீண்ட பட்டியலே இருக்கிறது. யாரோ ஒருவர் நிலமோ பொன்னோ எழுதிவைத்து, இன்ன நாளில் இன்ன பண்டம் இவ்வளவு படைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருப்பார். அரிசி, வெல்லம், நெய், மிளகு எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. படைத்த பின் பங்கு பிரிப்பதற்கும் முறை உண்டு. தானம் செய்தவருக்குப் பெரும்பாலும் நாலில் ஒரு பங்கு போகும். அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். மீதி கோயில் பணியாளருக்கும் வந்து நிற்கும் அடியாருக்கும். எழுதிவைத்தவருக்கே நாலில் ஒன்றுதான் என்றால், மிச்சம் முக்கால் பங்கும் மற்றவர் கைக்குப் போவதற்காகவே படைக்கப்பட்டிருக்கிறது.

வீட்டுப் பலகாரத்தையும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். முறுக்குக்கு மாவு பிசையும்போதே வாசல் கணக்கு மனதில் ஓடும்: எதிர்வீட்டுக்கு இத்தனை, நாத்தனாருக்கு இத்தனை, வாத்தியாருக்கு, தபால்காரருக்கு, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு. சோற்றை யாரும் இப்படிக் கணக்கிட்டு வடிப்பதில்லை. சோறு பசிக்கு, பசித்தவரை உட்காரவைத்துப் போடுவது. பலகாரம் சாப்பாட்டுக்கு வெளியே இருப்பதால் அதற்கு இலை வேண்டாம், நேரம் வேண்டாம். கையில் கொடுத்து அனுப்பலாம், நாலு நாள் கெடாது.

இன்னொரு காரணமும் உண்டு, அது அவ்வளவு இனிப்பானதல்ல. சாதி பார்த்த ஊரில் சோறும் குழம்பும் தாராளமாக வீடு விட்டு வீடு போகவில்லை. ஆசாரமான அடுக்களைகளில் சோற்றுக்குப் 'பத்து' என்னும் தீட்டுக் கட்டுப்பாடு உண்டு. எண்ணெயிலும் நெய்யிலும் வெந்த பண்டத்துக்கு அந்தக் கெடுபிடி குறைவு. சோறு தாண்ட முடியாத வாசல்கள் சிலவற்றைப் பலகாரம் தாண்டியது உண்மை. எல்லா வாசலையும் தாண்டவில்லை என்பதும் உண்மை. சிலருக்குக் கொல்லைப்புறத்தில் வைத்துக் கொடுத்தார்கள். சிலரிடமிருந்து திரும்ப வாங்கவே இல்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதோடு யாரிடம் வாங்கிச் சாப்பிட்டார்கள் என்பதையும் கேட்டால்தான் ஓர் ஊரின் பலகார வரலாறு முழுதாகும்.

கொடுப்பதில் உள்ள அன்பு செய்வதிலேயே தொடங்கிவிடுகிறது. அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, கையில் ஈரம் பிசுக்கென்று ஒட்டும் பக்குவத்தில் இடிக்க வேண்டும். ஈரம் அதிகமானால் எண்ணெய் குடிக்கும், காய்ந்துபோனால் விரிந்து உடையும். வெல்லப் பாகைக் கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கரைந்து ஓடாமல் விரலால் உருட்ட வர வேண்டும்; ஆனால் கல்லாகிவிடக் கூடாது. ஏலமும் சுக்கும் சேர்த்துக் கிளறிய மாவை ஓரிரு நாள் புளிக்கவிட்டு, வாழையிலையில் தட்டி, மிதமான எண்ணெயில் போட்டு எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயைப் பிழிவார்கள். தட்ட ஒருவர், போட ஒருவர், பிழிய ஒருவர் வேண்டும். அதனால்தான் பலகார நாளில் பக்கத்து வீட்டுக்காரி மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறாள். அவள் வீட்டில் சுடும் நாளில் இவள் போவாள்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கூட்டு வேலைக்குப் பெயரே உண்டு: பலகாரச் சூடு. கலியாணத்துக்குச் சில நாள் முன்பு நல்ல நேரம் பார்த்து, இனசனமும் அயலட்டையும் கூடி எண்ணெய்ச் சட்டி வைப்பார்கள். முதலில் சுட்டது பிள்ளையாருக்கு. பிறகு பயற்றம் பணியாரம், முறுக்கு, அரியதரம் என்று பெட்டி நிறையும். நம்முடைய அதிரசம்தான் அங்கே அரியதரம். பொன்னுருக்கல், கன்னிக்கால் நடுதல் இவற்றோடு பலகாரம் சுடுவதும் திருமணச் சடங்குகளில் ஒன்றாக அங்கே எண்ணப்படுகிறது.

கேக் நம் வீடுகளுக்குள் வந்த கதையையும் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர்கள் 'கூக்யெ' என்று சொன்னது சிறு கேக்கை. அதுவே அங்கே கொக்கிஸ் ஆயிற்று. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கரைத்த மாவில் அச்சை முக்கி எண்ணெயில் விடும் பண்டம் அது. பெயர் டச்சு, கைப்பக்குவம் நம்முடையது. கொழும்பு பறங்கியர் வீடுகளில் ரவை, முந்திரி, முட்டை, பன்னீர், தேன் சேர்த்துச் செய்த லவ் கேக்கை நத்தார் (கிறிஸ்துமஸ்) காலத்தில் தமிழ் வீடுகளும் செய்து பகிரக் கற்றுக்கொண்டன. தமிழ்நாட்டுப் பக்கம், 'அவன்' அடுப்பு இல்லாத வீட்டில் குக்கரின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் மணலோ உப்போ பரப்பிக் கேக் சுட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் தட்டில் முந்திரிக்கொத்துக்கும் அச்சு முறுக்குக்கும் பக்கத்தில் அந்தக் கேக் துண்டும் இருக்கும். கேக் சாப்பாட்டில் சேராது. வெட்டிப் பங்கு வைக்கலாம். கையில் கொடுத்து அனுப்பலாம். பலகாரத்தின் இலக்கணம் முழுவதும் பொருந்தியதால் அதற்குத் தனி இடம் தேடவேண்டி வரவில்லை.

இந்தப் பரிமாற்றத்துக்கு எழுதாத விதிகள் சில உண்டு. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு கரண்டிச் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். வாங்கியதற்குச் சமமாய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை; கணக்கு முடிந்துவிடக் கூடாது என்பதுதான் முக்கியம். தீபாவளிக்குப் போன கிண்ணம் ரம்ஜானுக்குக் கஞ்சியோடு வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வரும்.

விதிகளில் எனக்குப் பெரியதாகப் படுவது துக்கம் நடந்த வீட்டைப் பற்றியது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அதற்காக அந்த வீட்டுக் குழந்தைகள் முறுக்கு இல்லாமல் இருந்துவிடுவதில்லை. பங்காளி அல்லாத உறவும் அக்கம்பக்கமும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். திருப்பித் தர முடியாத வீட்டுக்குத்தான் அன்று முதல் தட்டு போகும். விரதத்தில் தன் வாயைக் கட்டுவதற்கென்று பிறந்த ஒரு சொல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை இந்த வழக்கத்தை வைத்துத்தான் அளக்கலாம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மாதாமாதம் பணம் கட்டித் தீபாவளிக்கு இனிப்பும் காரமும் வாங்கிக்கொள்ளும் பலகாரச் சீட்டு பல ஊர்களில் நடக்கிறது. அலுவலகத்துக்கு அலுவலகம் அட்டைப்பெட்டிகள் போகின்றன. வேலைக்குப் போய்வரும் பெண்ணிடம், வீட்டில் சுட்டால்தான் பலகாரம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. காலங்காலமாக அடுப்படிப் புகை முழுவதும் பெண்கள் கண்ணில்தான் பட்டது. கடையில் வாங்கியதும் பலகாரம்தான். வீட்டில் யாராவது ஒருவர், ஆணோ பெண்ணோ, வருஷத்துக்கு ஒரு பண்டமாவது கையால் செய்தால் நல்லது. முடியாவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் அடுத்த பண்டிகைக்கு முன்னால் உங்கள் தெருவில் எந்த வீட்டில் இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை என்று விசாரித்துவிடுங்கள். முதல் தட்டை அங்கே கொடுத்தனுப்புங்கள்.