டேங்க் நிறைந்தது, பங்க் காலியானது!

கார் டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருக்கிறது. ஆனாலும் காரின் சொந்தக்காரர் விடிவதற்கு முன்பே எழுந்து போய், பெட்ரோல் பங்க் வாசலில் இரண்டு மணி நேரம் வரிசையில் காத்துக் கிடக்கிறார். அவர் முறை வந்ததும் போட்டுக்கொள்வது என்னவோ மூன்றே கேலன்தான்! 1973-74 குளிர்காலத்தில் அமெரிக்காவில் இப்படி நின்றவர்கள் ஒருவர் இருவரல்ல. ஏன் நின்றார்கள்?

கதை 1973 அக்டோபரில் தொடங்குகிறது. எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலுடன் போரில் இறங்கின. அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பியது. கோபம் கொண்ட அரபு நாடுகள், அமெரிக்காவுக்கு எண்ணெய் கிடையாது என்று அறிவித்துவிட்டு உற்பத்தியையும் குறைத்தன. பீப்பாய் சுமார் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது.

தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் அன்று அமெரிக்கா செலவழித்த எண்ணெயில் பாதிக்கு மேல் அதன் சொந்தக் கிணறுகளிலிருந்தே கிடைத்தது. அப்படியிருந்தும் வரிசை தெருக்கோடி வரை நீண்டதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் அரசு. அதிபர் நிக்சன் 1971-இல் கொண்டுவந்த விலைக் கட்டுப்பாடு பெட்ரோலுக்கு அப்போதும் நீடித்தது. அதோடு, 1972-இல் எங்கே எவ்வளவு விற்றதோ அந்தக் கணக்குப்படி பெட்ரோலைப் பங்கிட்டார்கள். மக்களோ நீண்ட பயணங்களைக் குறைத்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார்கள். விளைவு, சுற்றுலாத் தலங்களில் பெட்ரோல் இருந்தது, நகரங்களில் இல்லை!

இரண்டாவது காரணம்தான் சுவாரஸ்யமானது. அது வாடிக்கையாளரின் பழக்கம். முன்பெல்லாம் முள் கீழே இறங்கிய பிறகுதான் பங்க் பக்கம் போவார்கள். இப்போது பாதி குறைந்ததுமே ஓடினார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று அமெரிக்காவில் 10 கோடிக்கும் அதிகமான கார்கள் இருந்தன. ஒவ்வொரு டேங்கிலும் வழக்கத்தைவிட 5 கேலன் கூடுதலாக நின்றால் மொத்தம் 50 கோடி கேலன். அந்த நாட்டின் ஒரு நாள் பெட்ரோல் செலவோ சுமார் 28 கோடி கேலன். அதாவது, யாரும் ஒரு மைல்கூட அதிகமாக ஓட்டாமலேயே, கிட்டத்தட்ட இரண்டு நாள் பெட்ரோல் பங்குகளின் தொட்டியிலிருந்து கார்களின் டேங்குக்கு இடம் மாறிவிடும். இன்னொன்றும் உண்டு. பத்து கேலனாகப் போட்டவர் ஐந்தைந்தாகப் போட ஆரம்பித்தால் அவர் இரண்டு மடங்கு தடவை பங்குக்கு வர வேண்டும். வரிசையும் இரண்டு மடங்காகும். அந்த வரிசையைப் பார்த்து அடுத்தவர் பயந்து தானும் வந்து சேர்வார்!

அரசு பல வைத்தியங்களைச் செய்து பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை விற்க வேண்டாம் என்று 1973 நவம்பரில் நிக்சன் கேட்டுக்கொண்டார். ஓரிகன் மாநிலம் 1974 ஜனவரியில், நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படைத் தேதியில், இரட்டைப்படை என்றால் இரட்டைப்படைத் தேதியில் வரச் சொன்னது. அங்கே பங்க் வாசலில் கொடிகள் பறந்தன. பச்சை என்றால் எல்லோருக்கும் உண்டு, மஞ்சள் என்றால் வணிக வண்டிகளுக்கும் அவசர வண்டிகளுக்கும் மட்டும், சிவப்பு என்றால் பெட்ரோல் இல்லை. சில மாநிலங்கள் நோயின் வேருக்கே போயின. பாதி டேங்குக்கு மேல் இருந்தால் போடக் கூடாது, அல்லது குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கியே ஆக வேண்டும் என்று விதி போட்டன.

பயம் பெட்ரோலோடு நிற்கவில்லை. 1973 டிசம்பரில் தொலைக்காட்சியில் ஜானி கார்சன், கழிப்பறைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு என்று நகைச்சுவையாகச் சொல்லப் போக, மக்கள் கடைகளுக்கு ஓடி வாங்கிக் குவித்தார்கள். காலியான அலமாரியே தட்டுப்பாட்டுக்குச் சாட்சியாகிவிட்டது!

1974 மார்ச்சில் எண்ணெய்த் தடை நீங்கியது. ஆனால் 1979-இல் ஈரான் புரட்சிக்குப் பின் அதே வரிசைகள் திரும்பி வந்தன. அந்த ஜூன் மாதம் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் ஆத்திரம் கலவரமாகவே வெடித்தது. நூறு பேருக்கு மேல் கைதானார்கள். எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டை 1981 ஜனவரியில்தான் அதிபர் ரீகன் முழுவதுமாக நீக்கினார்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1948-லேயே இந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் ஆரூடம். வங்கி திவாலாகப் போகிறது என்று நம்பி எல்லோரும் பணத்தை எடுத்தால், நல்ல வங்கியும் திவாலாகும். பெட்ரோல் பங்குக்கும் அதே விதிதான்.

முக்கால் டேங்கோடு வரிசையில் நின்றவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. நாளை வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அவரளவில் அவர் கணக்கு சரிதான். அதே கணக்கைப் பத்துக் கோடிப் பேரும் ஒரே நேரத்தில் போட்டதுதான் சிக்கல். அந்த வேளையில் உண்மையிலேயே முள் அடியில் கிடந்தவருக்குப் பங்கில் சிவப்புக் கொடிதான் மிஞ்சியது.