ஆய் நாடு: இரு மாநிலங்களுக்கு இடையே பிரிந்து கிடக்கும் வரலாறு

பாலராமபுரத்தை அடுத்த கடலோரத்தில் விழிஞம் இருக்கிறது. தென்கிழக்கே பாறசாலையைக் கடந்து சென்றால் பார்த்திவபுரம் வரும். முன்னது கேரளத்தில், பின்னது தமிழ்நாட்டில். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டும் ஆய் மன்னர்களின் ஊர்கள்.

ஆய்க்குடி தொன்மையானது. பொதியில் மலைக்குரிய ஆய் அண்டிரனைப் புறநானூறு கொடையாளியாகக் காட்டுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தாலமி, குமரியை உள்ளடக்கிய ஆய் நாட்டைக் குறிப்பிடுகிறார்.

கி.பி. 866இல் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து ஓரிடத்தைப் பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்க்கு ஒரு சாலையும் நிறுவினான். பவிழியர் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14 என இடங்கள் வகுக்கப்பட்டன. மாணவர் ஒழுகவேண்டிய விதிகளையும், மீறுவோர்க்குத் தண்டத்தையும் அச்செப்பேடு சொல்கிறது.

அவனுக்குப் பின் ஆண்ட விக்கிரமாதித்த வரகுணன், ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு நிலம் அளித்தான். அவனுடைய 28ஆம் ஆட்சியாண்டில் சிதறால் மலையின் சமணக் கோயிலுக்குக் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி பொன்னணி வழங்கியதைக் கல்வெட்டொன்று பதிந்துள்ளது. வைதிகம், பௌத்தம், சமணம் மூன்றும் அந்நாளில் இச்சிறு நாட்டில் ஆதரவு பெற்றிருந்தன.

ஆயினும், பாண்டியர்க்கும் சேரர்க்கும் நடுவே அமைந்த நாடு நிலைத்திருப்பது அரிது. விழிஞத் துறைமுகம் செல்வத்தையும் தந்தது, படையெடுப்பையும் அழைத்தது. நெடுஞ்சடையன் விழிஞத்தைத் தாக்கினான். பின்னர்ச் சோழர் கைப்பற்றியபோது அது இராசேந்திர சோழப் பட்டினம் ஆயிற்று. ஆய்க்குடியின் நிலம் வேணாட்டில் கலந்தது. வேணாடு 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மாவின் காலத்தில் திருவிதாங்கூராக விரிந்தது. பாலராமபுரத்திற்குப் பெயர் தந்த பாலராமவர்மா (1798–1810) அவ்வழியில் வந்தவரே.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்திற்கும் நெய்யாற்றின்கரை கேரளத்திற்கும் சென்றன. அன்று வகுத்த எல்லை ஆய் நாட்டின் நடுவே ஓடுகிறது. தமிழக வரலாற்று நூல்களில் ஆய் மன்னர் பெரும்பாலும் சங்க வள்ளலோடு முடிந்துவிடுகின்றனர். கேரள நூல்களிலோ வேணாட்டிற்கு முன்னுரையாகவே நிற்கின்றனர். பார்த்திவபுரத்துச் செப்பேட்டையும் விழிஞத்துக் கடற்கரையையும் சேர்த்துப் படித்தால்தான், துறைமுகத்தால் வளர்ந்து சாலைகளைப் பேணிய ஒரு தனி அரசின் முழு வடிவம் புலப்படும். எல்லையின் இருபுறத்தாருக்கும் அது பொதுச்சொத்து.