பகா எண் வேட்டை – 9: வாய் திறக்காத உரை

பாரிஸ் துறவி மரென் மெர்சென் 1644-ல் வெளியிட்ட பட்டியலைச் சென்ற வாரம் பார்த்தோம். 67 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் கிடைப்பது பகா எண் என்பது அவர் வாக்கு. 232 ஆண்டுகள் அது நின்றது. 1876-ல் எதுவார் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதைச் சாய்த்தார்: “இது பகு எண்!”

எந்த எண்ணால் வகுபடும்? அது லூக்காஸுக்கே தெரியாது. அவருடைய சோதனை காரணியைத் தேடுவதில்லை. ஓர் எண்தொடரை ஓடவிட்டு, கடைசியில் வரும் எச்சத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. திருடன் உள்ளே இருக்கிறான் என்று சொல்லியாயிற்று; பெயர்தான் தெரியவில்லை.

தேடுவது லேசில்லை. எண்ணுக்கு 21 இலக்கங்கள். ஃபெர்மா விட்டுச்சென்ற துப்பு ஒன்று உண்டு: இதை வகுக்கும் எந்த எண்ணும் 134-ன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும். ஆக 135, 269, 403 என்று ஏறிக்கொண்டே போகலாம். எதுவரை?

1903 அக்டோபர் 31, நியூயார்க். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிப் பேச அழைக்கப்பட்டவர், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல். எழுந்தார். பேசவில்லை. நேரே பலகைக்குப் போய், இரண்டை 67 மடிக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தார்:

147573952589676412927

பலகையின் வெற்றிடத்துக்கு நகர்ந்து இரண்டு எண்களை எழுதி, நீட்டிப் பெருக்கினார்:

193707721 × 761838257287

விடை, இலக்கம் பிசகாமல் அதேதான். அப்படியே இருக்கைக்குத் திரும்பினார். அரங்கம் கைதட்டியது, ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. இந்தக் காட்சியை எழுதிவைத்தவர் எரிக் டெம்பிள் பெல். எத்தனை நாள் பிடித்தது என்று பின்னாளில் அவர் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

ஃபெர்மாவின் படிகளில் ஏறியிருந்தால் சிறிய காரணி 14,45,580-ஆவது படியில்தான் அகப்பட்டிருக்கும். கோல் இருபடி எச்சங்களைக் கொண்டு பெரும்பாலான படிகளைத் தாண்டினார். பகு எண் என்று அறிவது வேறு, காரணியைக் கையில் பிடிப்பது வேறு. இன்றைய இணையப் பூட்டுகள் பலவும் நம்பியிருப்பது இந்த இடைவெளியைத்தான்.

67-ன் கதை முடிந்தது. மெர்சென் மீதான வழக்கு முடியவில்லை. 1883-லேயே, ரஷ்யப் பாதிரியார் இவான் பெர்வுஷின் 2-ன் 61-ஆம் மடியில் 1-ஐக் கழித்தால் பகா எண் வருகிறது என்று நிரூபித்திருந்தார். 61 மெர்சென் பட்டியலில் இல்லவே இல்லை! 61 என்று எழுதியதுதான் 67 என்று அச்சாகிவிட்டதோ என்று சிலர் துறவிக்காக வாதாடினார்கள்.

அந்த வாதத்தை உடைக்க இன்னும் இரண்டு எண்கள் வந்துகொண்டிருந்தன. அவை எவை? அடுத்த வாரம்.