ஒப்புக்கொடுத்தல்: முத்துக்குளித்துறையின் இரண்டு பாதிரியார்கள்

'ஒப்புக்கொடுத்தல்' என்பது தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை. தன் விருப்பம், திட்டம், உயிர் எல்லாவற்றையும் கடவுள் கையில் விட்டுவிடுவது என்று அதற்குப் பொருள். சொல்வது சுலபம், செய்வது எப்படி? தூத்துக்குடியை நடுவில் கொண்டு கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் வரை நீளும் முத்துக்குளித்துறையின் 16-ம் நூற்றாண்டு வரலாற்றில் இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன.

முதலாமவர் அந்தோனியோ கிரிமினாலி. 1520-ல் இத்தாலியில் பிறந்த சேசு சபைத் துறவி. புனித சவேரியார் இவரை இந்தக் கடற்கரைப் பணிகளுக்குத் தலைவராக நியமித்தார். 1549-ல் மண்டபம் அருகே வேதாளையில் இருந்தபோது விஜயநகர வடுகப் படை தாக்க வந்தது. இதை மதப் போர் என்று நினைத்துவிட வேண்டாம். போர்த்துக்கீசியர் அங்கே அகழி வெட்டி, ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களிடம் காசு வசூலித்ததுதான் காரணம். யாரோ செய்த தவறு, பலியானது வேறொருவர்!

மக்கள் கடலில் நின்ற கப்பல்களை நோக்கி ஓடினார்கள். கிரிமினாலியையும் ஏறச் சொன்னார்கள். அவரும் ஏறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிடக் கரையிலேயே நின்றுவிட்டார். படை நெருங்கியதும் மண்டியிட்டார். ஈட்டிக்கு இரையானபோது அவருக்கு வயது 29. 1540-ல் அங்கீகாரம் பெற்ற சேசு சபையின் முதல் இரத்தசாட்சி இவர்தான்.

அவர் இடத்துக்கு வந்தவர் ஹென்றி ஹென்றிக்கஸ். அவரும் 1520-ல் பிறந்தவர், போர்த்துக்கல்காரர். யூத வம்சாவளி என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது. பிறகு சேசு சபையில் சேர்ந்து இங்கு வந்தார். உடல்நலம் குன்றியவர். இவருக்கு ஈட்டி எதுவும் வரவில்லை. வந்தது தமிழ் இலக்கணம், வெயில், ஐம்பது வருடத் தினசரி வேலை. உயிரை ஒரு கணத்தில் விடுவதைவிட இப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது கடினம் என்றே தோன்றுகிறது.

அந்த உழைப்பில் வந்ததுதான் 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. வெறும் 16 பக்கம். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவிலேயே அச்சான முதல் நூல் அது. 1586-ல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய நூலும் வந்தது. சொந்த ஊருக்கு அவர் திரும்பவே இல்லை. 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.