உறை பிரிக்காத காமிராவின் மதிப்பு

சென்ற திங்கள் நம் காலனி அன்பர் ஒருவர் பழைய அட்டைப் பெட்டி ஒன்றைக் கையில் ஏந்தியவராய்ச் சங்க நூலகத்துக்கு வந்தார். காலஞ்சென்ற தம் தந்தையாரின் இரும்புப் பெட்டியை ஒழித்து வைக்கையில் அடியிலிருந்து அது கிடைத்ததாம். திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு காமிரா, ஆக்ஃபா கிளிக் மூன்று. தோலுறை, விளக்கப் புத்தகம், கடைக்காரர் எழுதிக் கொடுத்த ரசீது யாவும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக ஒரு படமேனும் எடுக்கப் பெறாத காமிரா அது.

“பயன்படுத்தாத பழம்பொருள், நல்ல விலைக்குப் போகும் என்கிறார்கள். பார்த்து ஒரு மதிப்புச் சொல்லுங்கள், ஐயா” என்றார் அன்பர்.

கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடக் கூடிய விடையன்று அது. விலை என்பது வேறு. மதிப்பு என்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமெனின், நாம் வந்து குடியேறிய இந்த ஐதராபாத் நகரத்தின் வரலாற்றையே சிறிது புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

புகைப்படக் கலைக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு பழமையானது. மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானா என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு பிறந்த தீன் தயாள், ரூர்க்கியில் பொறியியல் பயின்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைவாளராக அமர்ந்தவர். உத்தியோகத்தின் இடையே கற்றுக் கொண்ட புகைப்படக் கலையே பின்னர் அவருக்கு வாழ்க்கையாயிற்று. ஆறாவது நிஜாம் மீர் மகபூப் அலிகானின் அவைப் புகைப்படக் கலைஞராக இங்கு வந்து, சிக்கந்தராபாத்தில் தம் கலைக்கூடத்தை நிறுவினார். கோஷாப் பெண்டிரும் கூச்சமின்றிப் படம் எடுத்துக் கொள்ளும் பொருட்டு, 1892-இல் ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் தனிக் கூடம் ஒன்றையும் ஏற்படுத்தினார். நிஜாம் அவருக்கு ‘முஸவ்விர் ஜங்’ என்னும் பட்டத்தை அளித்தார். 1905-இல் அவர் மறைந்தார். 2006-ஆம் ஆண்டு நம் அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

இங்கே நாம் கருதத் தக்கது ஒன்றுண்டு. தில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-ஆம் ஆண்டு தீன் தயாளின் 2,857 கண்ணாடி நெகடிவ் தகடுகளை வாங்கிப் பாதுகாத்தது. தேசம் தேடிப் பெற்ற செல்வம் அத்தகடுகளேயாம். அன்றைய அரண்மனைகளும், வேட்டை முகாம்களும், படை அணிவகுப்புகளும், மனிதர் முகங்களும் அத்தகடுகளில் அல்லவா உயிரோடு நிற்கின்றன! படம் பிடித்த பெட்டி எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

அங்ஙனமாயின் பெட்டிக்கு விலையே இல்லையோ எனின், உண்டு, மிக உண்டு. ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரில் 2022-ஆம் ஆண்டு நடந்த ஏலத்தில் லைக்கா காமிரா ஒன்று 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. உலகில் அதுவரை எந்தக் காமிராவும் அவ்வளவு விலை பெற்றதில்லை. அது உறை பிரிக்காத புதுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். லைக்காவை உருவாக்கிய ஆஸ்கார் பர்னாக் என்பவர் தம் கையாலேயே பழகித் தேய்த்த காமிரா அது. 1923-ஆம் ஆண்டளவில், விற்பனைக்கு முன்னர்ச் சோதனைக்கெனச் செய்யப்பட்ட சிலவற்றுள் ஒன்று. அவர் பெயர் அதன் மேற்புறத்தில் பொறிக்கப் பெற்றிருக்கிறது. தம் குடும்பத்தாரையும் அவர் அதனால் படம் எடுத்தார். தேய்மானம் அதன் விலையைக் குறைக்கவில்லை. யார் கை தேய்த்தது என்பது தெரிந்திருந்தமையால் உயர்த்தவே செய்தது.

பழைய காமிராவுக்கு விலை மதிப்போர் பார்ப்பவை சில. முதலாவது, அவ்வகைக் காமிரா எத்தனை செய்யப்பட்டது என்பது. அரிதாயின் விலை ஏறும். ஊரெங்கும் உள்ளதாயின், புதிதேயாயினும் ஏறாது. இரண்டாவது, உடலில் பொறித்த எண்ணும் உடன் வந்த பொருள்களும். பெட்டி, புத்தகம், ரசீது ஆகியவை கூடவே இருப்பின் சேகரிப்போர் மிகுதியாகத் தருவர். மூன்றாவது, கண்ணாடி வில்லை. பின்புறத்தில் கைவிளக்கைப் பிடித்து முன்புறமாய் நோக்கினால், சிலந்தி வலை போலப் படர்ந்த பூஞ்சை தெரியும். நான்காவது, மூடி திறக்கும் விசை. துருத்தி உள்ள காமிராவாயின் அதன் மடிப்புகளில் ஊசித் துளைகள் உண்டோ என்பது. ஐந்தாவது, அதற்குரிய பிலிம் சுருள் இன்றும் கிடைக்கிறதா என்பது.

‘பயன்படுத்தாதது’ என்ற சொல்லில் மயங்கிவிடலாகாது. உறையிலிட்ட வாளும் துருப் பிடிக்கும். இயங்காமல் கிடக்கும் காமிராவில் மசகு இறுகிவிடும், விசை சோம்பிவிடும். அழகுக்கென மாட்டிய தோலுறையே ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சையை வளர்க்கும். எனவே பத்து மழைக்காலம் பூட்டிக் கிடந்த காமிராவினும், திங்களுக்கொரு முறை கையிலெடுத்து இயக்கப்பட்ட காமிரா பல வேளைகளில் மேலான நிலையில் இருக்கிறது.

இனி, அன்பரின் காமிராவுக்கு வருவோம். கிளிக் மூன்று நம் நாட்டிலேயே, பரோடா நகரில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தாரால் செய்யப்பட்டது. எளிய வில்லை, எளிய விசை. வெயிலுக்கு ஓர் அடையாளம், மேகத்துக்கு ஓர் அடையாளம். நடுத்தரக் குடும்பங்கள் பல தம் முதற் படத்தை எடுத்தது இதில்தான். அக்காலத்தில் இதனுள் இட்ட சுருள் நம் உதகமண்டலத்திலிருந்தே வந்திருக்கவும் கூடும். 1960-இல் தொடங்கப் பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை அங்கே ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் தயாரித்தது. இன்று அவ்வாலை இல்லை. கிளிக் மூன்று ஏராளமாக விற்ற காமிராவாதலின் இன்றும் பழம்பொருள் கடைகளில் காணக் கிடைக்கிறது. பெட்டியும் ரசீதும் இருப்பதால் மற்றவற்றைவிடச் சிறிது மிகுதியாகப் பெறலாமேயன்றி, குடும்பத்தின் நிலையை மாற்றும் தொகை எதுவும் வந்துவிடாது. இதை ஒளிக்காமல் அன்பரிடம் சொன்னோம்.

“அப்படியானால் அப்பா ஏன் இதைத் தொடாமலே வைத்திருந்தார்?” என்று அவர் தமக்குள் கேட்டுக் கொண்டார். அதற்கு விடை அளித்தவர் வீட்டிலிருந்த அவருடைய தாயார். ஊரை விட்டு இங்கே உத்தியோகத்துக்கு வந்த தந்தையார், முதல் மூன்று திங்கட் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இக்காமிராவை வாங்கினாராம். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போய்த் தம் தாயாரைப் படம் எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மார்கழியிலேயே தந்தி வந்துவிட்டது. ஊருக்குப் போனார், கடமைகளை முடித்துத் திரும்பினார். காமிராவை எடுத்து வைத்தவர் பிறகு திறக்கவே இல்லை.

இதைக் கேட்ட அன்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “எங்கள் பாட்டியின் முகம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது” என்றார்.

உறை பிரிக்காத காமிராவின் மெய்யான விலை அதுவே என நமக்குத் தோன்றியது. அதைக் கொடுத்தவர் கடைக்காரர் அல்லர், அக்குடும்பத்தினர்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. சென்னைப் படையோடு சிக்கந்தராபாத் பாளையத்துக்கு வந்தோரும், இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் பணியேற்று வந்தோருமாகத் தமிழர் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றனர். அரசரின் முகத்துக்குத் தீன் தயாள் இருந்தார். நம் முன்னோர் முகத்துக்கு அவரவர் வீட்டுக் காமிராவைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

எனவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் காமிரா இருப்பின், விற்குமுன் உள்ளே சுருள் உண்டா என்று அறிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களாகப் பின்மூடியைத் திறந்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்டால் உள்ளிருப்பது போய்விடும். 1897-இல் பலூனில் வடதுருவம் நோக்கிச் சென்று மாண்ட சுவீடன் நாட்டு ஆந்திரே குழுவினரின் சுருள்கள் 1930-இல் பனிப் பாலையில் கிடைத்தன. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கழுவியும் 93 படங்கள் தேறின! நம் வீட்டுப் பரண் அவ்வளவு குளிர்ந்ததன்று. ஆயினும் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. படங்களின் பின்புறத்தில் பென்சிலால் பெயரும் ஆண்டும் ஊரும் எழுதி வையுங்கள்.

அன்பர் காமிராவை விற்கவில்லை. 120 என்னும் எண்ணுடைய பிலிம் 1901-இல் தோன்றி இன்றும் கிடைத்து வருகிறது. கிளிக் மூன்றுக்கு அதுவே வேண்டும். ஒரு சுருள் வாங்கி இட்டிருக்கிறார். விசை நன்றாகவே இயங்குகிறது. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். ஆண்டு விழாவன்று காலனியின் மூத்தோரைப் படம் எடுக்கப் போகிறார். முதற் படம் அவருடைய தாயாருக்கு. மற்றைய பதினொன்றுக்கும் உங்கள் இல்லத்துப் பெரியவர்களை மறவாது விழாப் பந்தலுக்கு அழைத்து வாருங்கள்.