திருவதிகையில் சிதறிய படையும் செஞ்சியில் உடைந்த கதவும்

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலுக்கு நான் போறது அப்பருக்காகவும் திலகவதியாருக்காகவும்தான். போன தடவை மட்டும் கண்ணு வாசல் கதவிலேயே நின்னுடுச்சு. சிவன் மூன்று கோட்டைகளை எரித்ததாகப் புராணம் சொல்லும் தலம் இது. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலையே கோட்டையாக்கிச் சண்டை போட்டார்கள். உயர்ந்த மதில், குறைந்த வாசல், உள்ளே தண்ணீர். படைக்கு வேறென்ன வேணும்?

1750இல் பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிடித்தார்கள். மீட்க வந்தவர் முகமது அலி, பின்னாளில் ஆற்காட்டு நவாப். அவருக்குத் துணைக்கு வந்த ஆங்கிலேயர்கள் பணத் தகராறில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குத் திரும்பிவிட்டார்கள். செப்டம்பரில் அவர் படை திருவதிகை அருகே சிதறியது. தப்பியவர்களில் ஒரு பகுதி ஓடிச்சேர்ந்த இடம் செஞ்சி.

செஞ்சியைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படைக்கு 1690லிருந்து 1698 வரை ஆனது. அதே செஞ்சியை, துரத்திக்கொண்டு வந்த புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். அதற்கு உதவியது பெட்டார்ட் என்கிற சின்னக் கருவி.

மணி மாதிரி வார்த்த உலோகப் பாத்திரம். அதில் வெடிமருந்தை இறுக்கி அடைத்து, வாயைத் தடித்த பலகையால் மூடுவார்கள். பலகைப் பக்கம் கதவில் படும்படி மாட்டித் திரியைப் பற்றவைத்தால், வெடியின் வேகம் முழுக்கக் கதவுமேல் இறங்கும். பீரங்கி போல இழுத்துவர வேண்டாம். ஆனால் ஒரு ஆள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு, மேலிருந்து சுடுகிறவர்களுக்கு நடுவே, கதவடி வரைக்கும் போயாகணும். மாட்டணும், பற்றவைக்கணும், திரி எரிந்து முடிவதற்குள் ஓடிவரணும். கதவை உடைப்பதில் கஷ்டமே இந்தச் சில நிமிடங்கள்தான். கோட்டை வாசல்களை வளைத்து வளைத்துக் கட்டியதும் இப்படிக் கதவை நெருங்குகிறவர்களைத் தடுக்கத்தான். சங்க காலத்தில் இந்த வேலை யானைக்கு. கதவை மோதி மோதிக் கொம்பு மழுங்கிய யானைகளைப் புறப்பாடல்களில் பார்க்கலாம்.

செஞ்சியில் ஊர்வாசல் கதவு முதலில் போனது. இரவில் மூன்று மலைகள்மேலும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். வழியில் அடைத்திருந்த வாசல்களுக்கும் பெட்டார்ட்தான். விடிவதற்குள் முடிந்துவிட்டது. புஸ்ஸியின் துணிச்சலைப் புத்தகங்கள் கொண்டாடுகின்றன. எனக்கென்னவோ, பாதி வேலை திருவதிகையிலேயே முடிந்துவிட்டதென்றுதான் படுகிறது. தோற்று ஓடிவந்தவர்களின் பயமும் அவர்களோடு செஞ்சிக்கு வந்திருக்கும். கதவடிக்கு வருகிறவனைக் குறிபார்த்துச் சுட, மேலே நிற்கிறவனுக்குக் கை நடுங்காமல் இருக்கணுமே!

சிதம்பரத்தில் அப்படி நடுங்கவில்லை. 1781 ஜூன் 18 அன்று அயர் கூட், ஹைதர் அலியின் ஆட்கள் காவலிருந்த நடராசர் கோயிலைத் தாக்கினார். வெளியே ஊர் விழுந்தது. அந்த வேகத்தில் கோயில் வாசலையும் தள்ளிக்கொண்டு போய்விடலாமென்று பாய்ந்தார்கள். பலத்த அடி வாங்கித் திரும்பினார்கள். கூட் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்க, ஹைதர் அவரைத் தேடி அங்கேயே வந்தார். ஜூலை 1 அன்று நடந்தது பரங்கிப்பேட்டைப் போர்.

அடுத்த முறை சிதம்பரம் போனால், வெளி மதில் வாசலிலிருந்து கனகசபை வரை எத்தனை வாசல் தாண்டுகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டே போய்ப் பாருங்கள்.